நான் மறைத்த உண்மை



என் வீட்டுக் கதையை ஊரறியச் சொல்வதில் எனக்குப் பெருமை ஒன்றுமில்லை. இதில் நான் செய்த தவறுகளே அதிகம். ஆனாலும் அண்மையில் ஒரு திருமண வீட்டில் கண்ட காட்சி என்னை எழுத உட்கார வைத்துவிட்டது.

மண்டபத்தில் நான்கு வயதுப் பையன் ஒருவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தான். கெட்டிமேளம் ஒலித்ததும் அலறினான். தாய் அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். நானும் பின்னாலேயே போய், "பையனை டாக்டரிடம் காட்டினாயா, அம்மா?" என்று மெல்லக் கேட்டேன்.

"அவனுக்கு ஒன்றுமில்லை அக்கா. கொஞ்சம் பிடிவாதம், அவ்வளவுதான்" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த முகத்தை நான் அறிவேன். பல ஆண்டுகளுக்கு முன் அது என் முகம்.

கெடா மாநிலத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, பால்மரக் காட்டில் வளர்ந்தவள் நான். தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதியாக மாறிய பிறகு சுங்கைப்பட்டாணிக்குக் குடிவந்தோம். கணவர் லாரி ஓட்டுகிறார். நான் தொழிற்சாலையில் வேலை செய்தேன். மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். மூத்தவள் பெண். இளையவன் 2011-ஆம் ஆண்டில் பிறந்தான். அவன் பெயர் இங்கே வேண்டாம். வீட்டில் கூப்பிடுவது போலத் தம்பி என்றே எழுதுகிறேன்.

முதல் பொய்

தம்பிக்கு ஒன்றரை வயதானபோது ஊசி போடக் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். தாதி ஒரு தாளைப் பார்த்துக் கேள்விகள் கேட்டார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறானா? வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறானா? மற்றப் பிள்ளைகளிடம் போகிறானா? விளையாட்டுச் சாமான்களை வைத்து விளையாடுகிறானா?

எல்லாவற்றுக்கும் "ஆமாம், ஆமாம்" என்றேன்.

உண்மை என்ன தெரியுமா? பத்துத் தடவை கூப்பிட்டாலும் தம்பி திரும்ப மாட்டான். ஆனால் அடுப்படியில் பிஸ்கட் டின்னைத் திறக்கும் ஓசை கேட்டால் முன்கூடத்திலிருந்து ஓடி வருவான். ஆகவே காதில் குறையில்லை. வேண்டியதைக் கைகாட்டிக் கேட்க மாட்டான். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அலமாரிமேல் வைப்பான், ஏதோ என் கை ஓர் அகப்பை என்பது போல. அவன் அப்பா வாங்கித் தந்த பொம்மை லாரியை ஒரு நாளும் ஓட்டியதில்லை. கவிழ்த்துப் போட்டு, சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பான்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் தாதியிடம் மறைத்தேன். ஏன்? "இல்லை" என்று ஒரு தடவை சொல்லிவிட்டால், அது உண்மையாகிவிடுமோ என்ற பயம்.

மாமியாரும் தைரியம் சொன்னார். "இவன் அப்பனும் மூன்று வயதுக்கு மேல்தான் பேசினான். நம்ம வீட்டு ஆண்பிள்ளைகளே அப்படித்தான்" என்பார். கோயிலுக்கு நேர்ந்துகொண்டார். நாக்கில் தேன் தடவினார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரிந்த வழியில் பேரனுக்காக அவர் போராடினார். எதையும் செய்யாமல் நாள் கடத்தியவள் நான்தான்.

பாலர் பள்ளியில் ஒரு மாதம்கூட வைத்துக்கொள்ளவில்லை. கடைசியில் தம்பிக்கு ஐந்து வயது முடியும் நேரத்தில் அரசாங்க மருத்துவமனையில் குழந்தை மருத்துவரிடம் போனோம். அவர் பல தடவை வரவழைத்துப் பார்த்த பிறகு, "இது ஆட்டிசம்" என்றார்.

யார் குற்றம்?

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே கேள்விதான். நான் என்ன பாவம் செய்தேன்? வேலைக்குப் போனதாலா? வயிற்றில் இருந்தபோது அழுததாலா? பக்கத்து வீட்டார் ஒருவர், "தடுப்பூசிதான் காரணம்" என்றார். இன்னொருவர், "பெற்றவள் பிள்ளையோடு பேசவில்லை, அதுதான்" என்றார்.

இந்தப் பழி எனக்கு மட்டும் வந்ததல்ல என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1943-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லியோ கேனர் என்ற மருத்துவர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் ஆட்டிசத்தை உலகத்தின் கண்ணுக்குக் கொண்டுவந்தது. அதன்பின் பல ஆண்டுகள், அன்பில்லாத தாய்தான் இதற்குக் காரணம் என்று படித்தவர்களே பேசினார்கள். 1967-இல் புருனோ பெட்டல்ஹெய்ம் என்பவர் எழுதிய புத்தகம் அந்தக் கருத்தை மேலும் பரப்பியது. எத்தனை தாய்மார் தலைகுனிந்திருப்பார்கள்! அதற்கு முன்பே, 1964-இல், ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குத் தந்தையான பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர், இது வளர்ப்பில் வந்த குறையல்ல, உடலோடு வந்தது என்று எழுதியிருந்தார். 1977-இல் இங்கிலாந்தில் 21 இரட்டைப் பிள்ளைச் சோடிகளை வைத்து நடத்திய ஆய்வு, பிறவிக் கூறுகளுக்கு இதில் பெரும்பங்கு உண்டு என்று காட்டியது. தடுப்பூசிக் கதையும் அப்படித்தான். 1998-இல் ஒரு மருத்துவ இதழில் வந்த கட்டுரையால் கிளம்பிய அந்தப் பேச்சு பொய்த்துப்போய், 2010-இல் அந்த இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

அன்புச் சகோதரிகளே, இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன்? நம்முடைய பிள்ளை இப்படிப் பிறந்தது நம்முடைய குற்றமல்ல. ஆனால் பிறந்த பிறகு நான் செய்த ஒன்று என் குற்றம். அதைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

மேசை இழுப்பறையில் ஒரு வருடம்

மருத்துவர் ஒரு பாரத்தை நிரப்பிக் கொடுத்தார். அதைச் சமூக நல இலாகாவில் கொடுத்தால் மாற்றுத் திறனாளி அட்டை கிடைக்கும். ஓ.கே.யூ. அட்டை என்கிறோமே, அதுதான். நம் நாட்டில் ஆட்டிசத்தைக் கற்றல் குறைபாடு என்ற பிரிவில் பதிகிறார்கள்.

என் கணவர் பாரத்தைக் கையில் வாங்கவே மறுத்தார். "என் பிள்ளைக்கு அந்த அட்டையா? நாளைக்கு எவன் வேலை கொடுப்பான்? அக்காளுக்கு எவன் மாப்பிள்ளை கொடுப்பான்?" என்று சத்தம் போட்டார். கோபம் அடங்கியதும் வாசலில் நின்ற லாரிக்குள் போய் உட்கார்ந்து அழுதார். நான் பாரத்தை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். ஒரு வருடத்துக்கு மேல் அது அங்கேயே கிடந்தது.

2018-ஆம் ஆண்டு தொடக்கத்தில் தமிழ்ப்பள்ளியில் முதலாம் வகுப்பில் தம்பியைச் சேர்த்தோம். சேர்க்கைப் பாரத்தில் பிள்ளையின் உடல்நலம் பற்றிக் கேட்ட இடத்தில் நன்று என்று எழுதினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான்.

மறைக்க முடியுமா? முதல் வாரமே தெரிந்துவிட்டது. மணி அடித்தால் மேசைக்கடியில் புகுந்தான். சபைகூடலில் ஒலிபெருக்கி முழங்கினால் காதைப் பொத்திக்கொண்டு கத்தினான். ஆசிரியை நோட்டுப் புத்தகத்தில் எழுதி அனுப்புவார்: "பாடத்தைக் கவனிப்பதில்லை." "சொல் பேச்சுக் கேட்பதில்லை." "வீட்டில் கண்டிக்கவும்."

நானும் கண்டித்தேன். ரோத்தானை எடுத்தேன். இதை எழுதும்போது என் கை கூசுகிறது. அடித்தால் அவன் அழ மாட்டான். சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருப்பான். அது திமிர் என்று நினைத்தேன். பயம் மிகும்போது அப்படி ஆடித்தான் அவன் தன்னைத் தேற்றிக்கொள்கிறான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அந்த ஆசிரியையை மனத்துக்குள் எவ்வளவு திட்டினேன்! "இளம் வயசு, கல்யாணமாகவில்லை, பிள்ளையின் அருமை என்ன தெரியும்?" என்று அக்கம்பக்கத்தில் சொல்லித் திரிந்தேன்.

அந்த நாள்

மே மாதத்தில் ஒரு நாள். பத்தரை மணி இருக்கும். தொழிற்சாலைக்குப் போன் வந்தது. பள்ளியிலிருந்து தம்பியைக் காணோம்!

எப்படி வந்து சேர்ந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. ஓய்வு மணி அடித்திருக்கிறது. அதே நேரத்தில் ஏதோ பொருள் கொண்டுவந்த வேன் உள்ளே நுழைய வாசற்கதவு திறந்திருக்கிறது. பிள்ளை ஓடிவிட்டான். எதிரே பெரிய சாலை. சாலை ஓரமெல்லாம் பெரிய கால்வாய். முந்தின இரவு பெய்த மழையில் அது நிரம்பி ஓடியது. நான் கால்வாயைத்தான் பார்த்தேன். பெற்ற வயிறு வேறு எதைப் பார்க்கும்?

முக்கால் மணி நேரம் கழித்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து சொன்னார். பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தியிருந்த ஒரு லாரியின் பின்னால் பள்ளிச் சீருடையில் ஒரு பையன் இருக்கிறானாம். ஓடினோம். தம்பிதான். சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தான். மணியின் ஓசைக்குப் பயந்து ஓடியவன், அப்பாவின் லாரி என்று நினைத்து அங்கே போய் ஒதுங்கியிருக்கிறான். அந்த லாரி கிளம்பியிருந்தால்? அதை நினைக்க இன்றும் எனக்குத் துணிவில்லை.

பள்ளி அலுவலகத்துக்குத் திரும்பினோம். ஆசிரியைமேல் பாய்வதற்காகவே நான் உள்ளே நுழைந்தேன். அவரோ ஒரு மூலையில் நின்று என்னைவிட அதிகமாக அழுதுகொண்டிருந்தார். அவர் காலணியெல்லாம் சேறு. கால்வாயில் இறங்கித் தேடியிருக்கிறார்.

அப்போதுதான் என் வாயிலிருந்து அது வந்தது. "டீச்சர், அவனுக்கு ஆட்டிசம். டாக்டர் சொல்லி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது."

அவர் என்னையே பார்த்தார். கோபப்படவில்லை. "ஏன்மா முன்னாலேயே சொல்லவில்லை? தெரிந்திருந்தால் மணி அடிக்கிற நேரத்தில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேனே" என்றார்.

வாசகர்களே, அந்த ஒரு வார்த்தை என்னை ரோத்தானால் அடித்தது போலிருந்தது. எனக்குத் தெரிந்ததை நான் பூட்டி வைத்தேன். தெரியாத ஒருவர்மேல் பழி போட்டேன். நடுவில் அடிபட்டவன் பேசத் தெரியாத என் பிள்ளை.

ஒரு பக்கத் தாள்

மறுநாள் தலைமையாசிரியர் எங்கள் இருவரையும் வரச் சொன்னார். திட்டுவார் என்று பயந்து போனோம். அவர் ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளி, "உங்கள் பிள்ளையைப் பற்றி உங்களுக்குத்தான் அதிகம் தெரியும். எதற்குப் பயப்படுவான், எது பிடிக்கும், எப்படி அடங்குவான் என்று எழுதுங்கள்" என்றார்.

அரை மணி நேரம் எழுதினோம். கணவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். திடீர் ஓசை ஆகாது. சட்டைக் காலரின் உறுத்தல் பொறுக்க மாட்டான். கையை ஆட்ட ஆரம்பித்தால் பயம் வருகிறது என்று பொருள். அப்போது பேசாமல் தனியாக விட்டால் பத்து நிமிடத்தில் சரியாகிவிடுவான். லாரிப் படம் காட்டினால் பக்கத்தில் வந்து உட்காருவான். இரண்டு வேலையைச் சேர்த்துச் சொன்னால் புரியாது, ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். எழுதி முடித்ததும் என் கணவர் சொன்னார்: "இவ்வளவு தெரிந்திருந்தும் நாம் இவனை அடித்தோமே."

ஓசை, வெளிச்சம், தொடுகை ஆகியவற்றை மிகுதியாகவோ குறைவாகவோ உணர்வதையும் 2013-இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நூல் ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது என்று பின்னாளில் அறிந்தேன். ஆசிரியைக்கு அந்த நூல் தேவைப்படவில்லை. எங்கள் தாள் போதுமாக இருந்தது. தம்பியை ஒலிபெருக்கியிலிருந்து தள்ளி உட்கார வைத்தார். அன்றைய வேலைகளைப் படங்களாக வரைந்து மேசையில் ஒட்டினார். பிறகு ஒன்று செய்தார் பாருங்கள்! ஓய்வு மணி அடிக்கும் நேரத்தில் தம்பியை அலுவலகத்துக்குக் கூட்டிப்போய், மணியின் பொத்தானை அவனையே அழுத்தச் சொன்னார். முதல் நாள் அழுத்திவிட்டுக் காதைப் பொத்தினான். இரண்டாம் வாரம் பொத்தவில்லை. எப்போது வரும் என்று தெரியாத ஓசைதான் அவனுக்குப் பயம். தன் விரலால் வரும் ஓசைக்கு அவன் பயப்படவில்லை.

அட்டையும் வகுப்பும்

இழுப்பறையைத் திறந்தோம். கணவரே சமூக நல இலாகாவில் பாரத்தைக் கொடுத்து வந்தார். அட்டை வந்தது. அதனால் தம்பியின் தலையில் கொம்பு முளைக்கவில்லை.

சாதாரண வகுப்பில் முப்பது பிள்ளைகளுக்கு நடுவே எவ்வளவு அன்பான ஆசிரியையானாலும் எவ்வளவுதான் செய்ய முடியும்? சிறப்புக் கல்வி ஒருங்கிணைப்புத் திட்ட வகுப்பே அவனுக்கு ஏற்றது என்று மருத்துவரும் பள்ளியும் சொன்னார்கள். சாதாரணப் பள்ளிக்குள்ளேயே குறைந்த மாணவர்களோடு, பயிற்சி பெற்ற ஆசிரியரும் உதவியாளரும் நடத்தும் வகுப்பு அது. ஆனால் நம் நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தாலும், இந்த வகுப்பு எல்லாவற்றிலும் கிடையாது. எங்களுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது ஒரு தேசியப் பள்ளியில்தான்.

வீட்டில் மறுபடியும் புயல். "தமிழ் படிக்காமல் போய்விடுவானே!" என்று மாமியார் கண்ணீர் விட்டார். எனக்கும் அந்த வேதனை இருந்தது. பேச்சுப் பயிற்சியாளரிடம் கேட்டேன். "இரண்டு மொழி கேட்டால் குழம்பிப்போவான் என்பது வீண் பயம். வீட்டு மொழியை நிறுத்தாதீர்கள்" என்றார் அவர். அவர் மலாய்க்காரர். முடிவு செய்தோம்: பள்ளியில் மலாய், வீட்டில் தமிழ். மாமியார் தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, பேரன் விரலைப் பிடித்து, அ எழுத ஆரம்பித்தார்.

2019-இல் மாறினோம். எந்தச் சிறப்புத் தேவைப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக்கூடாது என்ற கொள்கையைக் கல்வி அமைச்சு நடைமுறைக்குக் கொண்டுவந்த ஆண்டு அது. முதலில் தகுதிகாண் காலம். மூன்று மாதத்துக்கு மேற்படாமல் வைத்துப் பார்த்து, எந்த வகுப்பு ஏற்றது என்று முடிவு செய்வது 2013-ஆம் ஆண்டுச் சிறப்புக் கல்வி விதி. பிறகு ஆசிரியர் எங்களை அழைத்து, தம்பிக்கென்று தனிக் கல்வித் திட்டம் ஒன்றை எழுதினார். அதில் வாய்ப்பாடு இல்லை, கட்டுரை இல்லை. கழிவறைக்குப் போக வேண்டும் என்று படம் காட்டிச் சொல்லுதல், காலணியைத் தானே மாட்டுதல், வரிசையில் நின்று காத்திருத்தல். இவ்வளவுதான். இவ்வளவுக்கு ஓர் ஆண்டு பிடித்தது. மாதம் 150 வெள்ளி உதவித்தொகையும் கிடைத்தது. பேச்சுப் பயிற்சிக்குப் போய்வரும் செலவுக்கு அது உதவியது.

எல்லாம் நேராகவே நடந்துவிடவில்லை. 2020-இல் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது கற்றதில் பாதி கரைந்தது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். சில நாள் இன்றும் காரணம் தெரியாமல் அழுவான். சில இரவு நாங்களும் தூங்குவதில்லை.

இப்போது தம்பி இடைநிலைப்பள்ளியின் சிறப்பு வகுப்பில் இருக்கிறான். நிறையப் பேச மாட்டான். ஆனால் மாலையில் லாரிச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் எழுந்து நின்று, "அப்பா வந்தாச்சு" என்பான். சக்கரங்களைத் துடைப்பது அவன் வேலை. பத்துச் சக்கரம். ஒன்றையும் விட மாட்டான்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியவை

பிள்ளையிடம் ஏதோ வித்தியாசம் தெரிந்தால், கிளினிக்கில் கேட்கும் கேள்விக்கு உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். நான் ஒன்றரை வயதில் சொல்லியிருந்தால் மூன்று வருடப் பயிற்சி என் பிள்ளைக்கு மிஞ்சியிருக்கும்.

பள்ளியில் சேர்க்கும்போது மறைக்காதீர்கள். மருத்துவர் கடிதத்தோடு உங்கள் கையால் எழுதிய ஒரு பக்கத் தாளையும் கொடுங்கள். ஆண்டுதோறும் ஆசிரியர் மாறுவார். ஆண்டுதோறும் அந்தத் தாளைத் திருத்தி எழுதுங்கள்.

கெஞ்சவும் வேண்டாம், சண்டைக்கும் போக வேண்டாம். மாற்றுத் திறனாளி என்பதற்காக ஒரு பிள்ளையைக் கல்வியிலிருந்து ஒதுக்கக்கூடாது என்று 2008-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. நீங்கள் கேட்பது பிச்சையல்ல. ஒரு பள்ளியில் முடியாது என்றால் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "கண்டிக்கவும்" என்று எழுதுமுன், "இவனைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். என்னைப் போன்ற கோழைத் தாய்க்கு அந்த ஒரு வரியே கதவைத் திறந்துவிடும்.

திருமண மண்டபத்தில் சந்தித்த தங்கையே, இந்த இதழ் உன் கைக்கு வருமோ, வராதோ. வந்தால் ஒன்று சொல்கிறேன். உன் பையன் மேளத்தைக் கேட்டு அலறியபோது மண்டபமே திரும்பிப் பார்த்தது உண்மைதான். ஆனால் யாரும் உன்னைக் கரித்துக்கொட்டவில்லை. என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். தெரிந்தவள் நீ ஒருத்தி. நீ சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும்.